டியன் பியன் பூ: வீரமா, எதிரியோட முட்டாள்தனமா?

அடுத்த கேள்வி. "சார், பலம் கம்மியான படை பெரிய படையை ஜெயிக்குதுன்னா, காரணம் வீரமா, இல்ல எதிரி பண்ற முட்டாள்தனமா?"

ரெண்டும் இருக்கும்ங்க. ஆனா நான் முதல்ல பாக்குறது, சோறும் குண்டும் எந்த வழியாப் போகுதுன்னுதான். வியட்நாமையே எடுத்துக்கோங்க. 1954, டியன் பியன் பூ. லாவோஸ் எல்லைப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கு, சுத்தி மலை. நடுவுல பிரெஞ்சுப் படை. அரிசி, மருந்து, ஷெல், எல்லாமே பிளேன்லதான் வரணும். மலை மேல எதிரி பெரிய பீரங்கியை ஏத்த மாட்டான், ஏத்தினாலும் நாம அடிச்சு நொறுக்கிடலாம்னு அவங்க கணக்கு.

பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போராடின வியட்நாம் படை வியட்மின். அதோட தளபதி ஜியாப், ஒரு காலத்துல சரித்திர வாத்தியாரா இருந்தவர். ஒவ்வொண்ணும் ரெண்டு டன்னுக்கு மேல இருக்கிற பீரங்கிகளை அவர் ஆளுங்க கயிறு கட்டிக் கையால இழுத்தாங்க. சைக்கிள்ல மூங்கிலைக் கட்டி, 200 கிலோ, சில சமயம் அதுக்கு மேலயும் பாரம் ஏத்தித் தள்ளிட்டுப் போனாங்க. சைக்கிள் கதையைத்தான் எல்லாரும் சொல்வாங்க. சீனாவுல இருந்து வந்த பீரங்கியும் லாரியும் இல்லேன்னா இது நடந்திருக்காது.

எனக்குப் பிடிச்ச இடம் வேற. ஜனவரி கடைசியில தாக்குதல்னு எல்லாம் தயார். ஜியாப் கடைசி நேரத்துல நிறுத்திட்டார். உயிரைக் கொடுத்து ஏத்தின பீரங்கியைத் திரும்ப இறக்குன்னா, யாருக்குங்க கோபம் வராது? இறக்கினாங்க. அப்புறம் மலையைக் குடைஞ்சு, வெளிய தெரியாதபடி மறுபடி நிறுத்தினாங்க.

மார்ச் 13-ல ஆரம்பம். பெயாத்ரிஸ்ங்கிற அரண் முதல் ராத்திரியே போச்சு. பிரெஞ்சு பீரங்கிப் படைத் தலைவர் பிரோ, எதிரி பீரங்கியை அடக்கிடுவோம்னு சொல்லிட்டிருந்தவர், ரெண்டு நாள்ல கையெறி குண்டால உயிரை மாய்ச்சுக்கிட்டார். மார்ச் கடைசிக்குள்ள ஓடுபாதை செத்துப்போச்சு. பாராசூட்ல போட்டதுல பாதிக்குப் பாதி இல்லேன்னாலும் நிறையவே எதிரி பக்கம் விழுந்தது. மே 7-ல பிரெஞ்சுக் கோட்டை விழுந்தது, கதை முடிஞ்சது.

இன்னொண்ணு. கோட்டைக்குள்ள மொத்தமா சுமார் 15,000 பேர். சுத்தி நின்னவங்க ஏறக்குறைய 50,000. நாடுன்னு பார்த்தா பிரான்ஸ் பெரிசு. அந்தப் பள்ளத்தாக்குல யாருங்க சின்னப் படை?

முட்டாள்தனம்னு கேட்டீங்கல்ல, அதுக்கு வர்றேன். 1952 கடைசியில நா சான்ங்கிற இடத்துல பிரெஞ்சுக்காரங்க இதே மாதிரி விமான தளத்தைச் சுத்தி அரண் போட்டு, இதே ஜியாப்பை அடிச்சு விரட்டியிருக்காங்க. ஜெயிச்ச வழியைத்தான் திரும்பப் பண்ணினாங்க. நா சான்ல மட்டும், மலை மேல அந்தப் பீரங்கிகள் இல்ல.