பசியோடு வாசிக்கும் இசைக்குழு

வணக்கம் நண்பர்களே. வெளிநாடு போய் மேடையில் பெயர் வாங்கிவிட வேண்டும் என்று கிளம்பும் நண்பர்களைப் பற்றிய ஒரு படத்தை இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். பின்லாந்து இயக்குநர் அகி கௌரிஸ்மாகி 1989இல் எடுத்த ‘லெனின்கிராட் கௌபாய்ஸ் கோ அமெரிக்கா’ என்ற இந்தப் படத்தைப் பற்றித் தமிழில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. முடிவையும் சேர்த்தே சொல்லப்போகிறேன்; எனவே முதலில் படத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பனி உறைந்த துந்திரப் பகுதியில் ஒரு கிராமம். நெற்றிக்கு முன்னால் கொம்புபோல நீட்டிக்கொண்டிருக்கும் முடியும், அதே அளவுக்குக் கூர்மையாக நீண்ட காலணிகளும்தான் அங்குள்ள இசைக்குழுவின் அடையாளம். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் அதே முடி என்பதைக் கவனியுங்கள்: இவர்கள் வேடம் போட்டுக்கொண்டவர்கள் அல்லர், பிறந்ததே அப்படித்தான் என்பதை வசனமே இல்லாமல் இயக்குநர் சொல்லிவிடுகிறார். இவர்கள் வாசிப்பதைக் கேட்க வந்த முகவர், இது இங்கே விலைபோகாது, அமெரிக்காவுக்குப் போங்கள், அங்கே எதையும் பொறுத்துக்கொள்வார்கள் என்று அனுப்பிவைக்கிறார். நியூயார்க்கில் இவர்கள் போய்ப் பார்க்கும் முகவரோ, ராக் அண்ட் ரோல் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, மெக்சிகோவில் நடக்கும் ஒரு கல்யாணத்தில் வாசிக்கக் கைகாட்டுகிறார். பழைய கார் ஒன்றை வாங்கிக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்படுகிறார்கள். அந்தக் காரை விற்பவராக வருபவர் அமெரிக்க இயக்குநர் ஜிம் ஜார்முஷ்.

இதைச் சாலைப் பயணப் படம் என்றும் நகைச்சுவைப் படம் என்றும் வகைப்படுத்துகிறார்கள். எனக்கு இது சோற்றைப் பற்றிய படம். மத்தி பெல்லோன்பா நடித்த விளாதிமிர் என்ற மேலாளர்தான் பணத்தை வைத்திருக்கிறார். குழுவினர் பசியில் வாடி நிற்கும்போது பச்சை வெங்காயத்தை வாங்கிவந்து கொடுத்துவிட்டு, தன் பங்கை மட்டும் தனியே கவனித்துக்கொள்கிறார். ஊரில் இரவெல்லாம் வெளியே நின்று பயிற்சி செய்து விறைத்துப்போன பேஸ் கிதார் கலைஞரைச் சவப்பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியைக் காரின் மேல் கட்டிக் கூடவே கொண்டுபோகிறார்கள். காலணியின் நுனியும் முடியும் கிதாரும் வெளியே தெரிவதற்காகப் பெட்டியில் துளைகள் இருக்கின்றன. உடல் கெடாமலிருக்கப் போட்ட பனிக்கட்டியிலேயே விளாதிமிர் தன் பீரையும் குளிரவைத்துக்கொள்கிறார். இறந்த நண்பனின் பெட்டியிலும் தன் வசதிக்கு இடம் கண்டுபிடிக்கும் அந்த ஒரு காட்சி, கலைஞர்களை வைத்துப் பிழைப்பவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாலும் வராத கோபத்தை எனக்குள் உண்டாக்கியது.

கௌரிஸ்மாகி இதற்காகக் குரலை உயர்த்துவதே இல்லை. கேமரா அசையாமல் நிற்கிறது, நடிகர்கள் முகத்தில் எதையும் காட்டுவதில்லை, காட்சிகளுக்கு நடுவே கறுப்புத் திரையில் சில சொற்கள் மட்டும் வந்துபோகின்றன. குழுவினர் ஒருமுறை பொறுமையிழந்து மேலாளரைக் கட்டிப்போடுகிறார்கள். அந்தப் புரட்சியும் நீடிப்பதில்லை.

படத்துக்கு வெளியே நடந்ததையும் சொல்லியாக வேண்டும். கதைக்காக உருவான இந்தப் பெயரில் இசைக்குழு உண்மையாகவே தொடர்ந்து இயங்கியது. 1993 ஜூனில் ஹெல்சிங்கியின் செனட் சதுக்கத்தில், செஞ்சேனை எனப்பட்ட சோவியத் ராணுவத்தின் அலெக்சாந்திரோவ் பாடகர் குழுவோடு சேர்ந்து பல்லாயிரம் பேர் முன்னிலையில் இவர்கள் பாடினார்கள். அந்தக் கச்சேரியையும் கௌரிஸ்மாகியே படமாக எடுத்தார்.

மீண்டும் படத்துக்கு வருகிறேன். மெக்சிகோ கல்யாணத்தில் விறைத்துக் கிடந்தவரின் வாயில் டெக்கீலா என்ற மெக்சிகோ மதுவை ஊற்றுகிறார்கள். அவர் எழுந்துவந்து வாசிக்க ஆரம்பித்துவிடுகிறார். விளாதிமிர் தன்னந்தனியாகக் கள்ளிச்செடிகளுக்கு நடுவே நடந்து மறைகிறார். குழுவின் பாட்டு மெக்சிகோவில் முதல் பத்துக்குள் வந்ததாகத் திரையில் எழுத்துகள் சொல்கின்றன. அந்த எழுத்துகளை நான் சரியாகப் படிக்கவில்லை. வாசித்துக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்காவது கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டிருப்பார்களா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.