ஐந்து, ஏழு, பன்னிரண்டு

அவையோர் அனைவருக்கும் வணக்கம். நிலத்தாலும் மொழியாலும் வெகுதொலைவில் நின்ற இசை மரபுகள் ஒன்றுபோன்ற சுர அடுக்குகளை வந்தடைந்ததற்குக் கணிதம் எந்த அளவுக்குக் காரணம் சொல்ல முடியும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

பழஞ்சீன இசையறிஞர்கள் ஒலிக்கும் கருவியின் 81 அலகு நீளத்தில் தொடங்கி, மூன்றில் ஒரு பங்கை மாறிமாறிக் கூட்டியும் கழித்தும் 108, 72, 96, 64 என்னும் நீளங்களைப் பெற்றார்கள். 81-ஐச் சட்ஜமாகக் (ச) கொண்டால் 72 சதுஸ்ருதி ரிஷபமாகவும் (ரி), 64 அந்தர காந்தாரமாகவும் (க), 108-உம் 96-உம் கீழ் ஸ்தாயியின் பஞ்சமமாகவும் (ப) தைவதமாகவும் (த) அமைய, நம் மோகன ராகத்தின் ஐந்து சுரங்களும் அங்கே வந்து நிற்கின்றன. (தம்புராவோடு இழைத்துப் பாடும்போது காந்தாரம் 81/64 என்ற விகிதத்தில் நில்லாமல் 5/4 பக்கம் சற்று இறங்கும் என்பது வேறு செய்தி.) பித்தாகரஸ் பெயரால் வழங்கும் கிரேக்க முறையும், பண்டைத் தமிழிசையின் இளிக்கிரமமும் (இளி என்பது பஞ்சமம்) இதே போலப் பஞ்சமத்தின் பஞ்சமத்தைத் தேடிச் செல்பவையே.

எல்லோரும் பஞ்சமத்தின் விகிதமான 3/2-ஐப் பிடித்துக்கொண்டது ஏன்? இழுத்துக் கட்டிய தந்தி 200 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிக்கும்போது 400, 600, 800 என்னும் மேற்சுரங்களும் உடன் எழுகின்றன. அருகில் 300-இல் ஒலிக்கும் தந்திக்கும் 600 உண்டு. ஆகவே இரண்டும் அங்கே ஒன்றிவிடுகின்றன. அதை 298-க்குத் தளர்த்தினால் 596-உம் 600-உம் மோதி, ஒலி ஏறியிறங்கும் விம்மல்கள் விநாடிக்கு நான்கு காதில் விழும். ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் இசைவுக்கும் இசையாமைக்கும் இவ்வழியில்தான் விளக்கம் தந்தார்.

சுரங்களின் எண்ணிக்கைக்கான காரணம் இதைவிட நுட்பமானது. பஞ்சமங்களை அடுக்கி ஒரே ஸ்தாயிக்குள், அதாவது அதிர்வெண் இருமடங்காகும் எல்லைக்குள், மடித்துக்கொண்டே வந்தால், ஐந்தாம் சுரத்தில் அடுத்தடுத்த இடைவெளிகள் 9/8, 32/27 என இரண்டே அளவில் அமைகின்றன. ஆறாவது சுரம் 256/243 என்ற மூன்றாம் அளவைக் கொண்டுவந்து ஒழுங்கைக் குலைக்கிறது. ஏழில் மீண்டும் இரண்டே அளவுகள். அதன்பின் பன்னிரண்டு வரை அந்த ஒழுங்கு திரும்புவதில்லை. பன்னிரண்டிலும் வட்டம் முழுதாக மூடுவதில்லை. மூன்றின் எந்த அடுக்கும் இரண்டின் அடுக்குக்குச் சமமாகாது என்பதால், 531441/524288 என்ற சிறு மிச்சம் எப்போதும் நிற்கும். அதைப் பன்னிரண்டு சுரங்களுக்கும் சமமாகப் பங்கிடும் கணக்கைச் சீன இளவரசர் ஜூ ஜாய்யூ 1584-இல் எழுதி முடித்தார்.

ஆயினும் இந்தக் கணக்கு தந்திக்கும் குழலுக்கும் குரலுக்கும் பொருந்துவதுபோல உலோகப் பட்டைகளுக்குப் பொருந்தாது. அவற்றின் மேற்சுரங்கள் முழுஎண் மடங்குகளாக எழுவதில்லை. உலோகக் கருவிகள் முழங்கும் ஜாவாவின் காமெலான் இசையில் வழங்கும் சிலெந்த்ரோ என்னும் சுர அடுக்கு, ஸ்தாயியை ஏறத்தாழச் சமமான ஐந்து கூறுகளாக்குகிறது. தூய 3/2-ஐ அது பொருட்படுத்துவதில்லை. பாலித் தீவில் ஒருபடி மேலே போய், இரட்டைக் கருவிகளுள் ஒன்றைச் சற்றே ஏற்றிச் சுருதி சேர்க்கிறார்கள். நாம் தம்புராவில் விலக்கப் பாடுபடும் விம்மலை அங்கே விரும்பி வரவழைக்கிறார்கள்.