கெண்டைக்கால் கேட்கும் முக்காலி

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பேசியது)

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, பத்தாம் வகுப்பில் எனக்கு உயிரியல் நடத்திய, இன்றும் எதிரே உட்கார்ந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிற என் ஆசிரியப் பெருந்தகை அவர்களே, சற்றுமுன் எனக்குப் பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, பெயர் விட்டுப்போன பெரியோர்களே, வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்ளும் தம்பி உட்பட எல்லோருக்கும் வணக்கம்.

‘தசையும் நாரும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தசை, நாண், குருத்தெலும்பு என்று மூன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

‘எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்’ என்பார்கள். முப்பது வருஷம் இயன்முறை மருத்துவம் பார்த்தவன் நான். எனக்கும் இந்தப் பழமொழிக்கும் பழைய வழக்கு உண்டு. அந்தச் சிரசைச் சுமந்துகொண்டு நிற்பது யாராம்?

தசையில் மூன்று வகை. இதயத்தில் இருப்பது ஒன்று. குடல், ரத்தக்குழாய்ச் சுவர்களில் இருப்பது ஒன்று. இரண்டும் நம்மைக் கேட்டு வேலை செய்வதில்லை. மூன்றாவது எலும்புத்தசை, நாம் சொன்னால் கேட்பது. இது 600-க்கு மேல் இருக்கிறது. எந்தத் தசைக்கும் இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் முழங்கையை மடக்க ஒன்று, நீட்ட ஒன்று என்று ஜோடியாக வைத்திருக்கிறது.

எல்லோரும் கெண்டைக்காலைப் பிடியுங்கள். அண்ணாச்சி, நீங்களும்தான். பாதத்தின் முன்பக்கத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். சதை உருண்டு திரள்கிறதா? அப்படியே கையைக் கீழே இறக்கினால் சதை ஒடுங்கி, முறுக்கேறிய கயிறு மாதிரி குதிகாலில் போய் முடிகிறது. அதுதான் குதிகால் நாண், உடம்பிலேயே தடித்த நாண். தசையை எலும்போடு கட்டுவது நாண். எலும்பை எலும்போடு கட்டுவது பிணைநார். நாம் இரண்டையும் நரம்பு என்போம். காலில் ரத்தக்குழாய் புடைத்தாலும் ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்போம். செய்யாத குற்றத்துக்கெல்லாம் நரம்புக்குப் பழி. நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் அதில் அடிபட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

போன ஆடியில் என் மைத்துனி மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க ஒரு பெரிய கடைக்குப் போனோம். ஊர் பேர் வேண்டாம். எங்களுக்கு மெத்தை, காபி, குழந்தைக்கு பலூன். எதிரே ஒரு பெண், இருபது வயது இருந்தால் அதிகம். மாம்பழ மஞ்சள் என்றால் எடுத்துப் போடுகிறாள். கொஞ்சம் அடர்த்தியாக என்றால் அதையும். என் மைத்துனி சாதாரண ஆள் இல்லை, கத்தரிக்காயையே பத்து நிமிஷம் பார்த்து எடுப்பவள். இரண்டரை மணி நேரம். மலை மாதிரி சேலை குவிந்தது. அந்தப் பெண் கொக்கு மாதிரி கால் மாற்றி மாற்றி நிற்கிறாள். “உட்காரேம்மா” என்றேன். சிரித்தாள். அவள் பின்னால் முக்காலி இருந்தது, அதன்மேல் சேலைப் பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. கடைசியில் மைத்துனி முதலில் பார்த்த சேலையையே எடுத்தாள்!

நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, சிரைகளை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களை அழுத்தி, ரத்தத்தை மேலே ஏற்றுகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அது திரும்பி இறங்காமல் தடுக்கும். அசையாமல் நின்றால் இந்தப் பம்பு ஓடாது. ரத்தம் காலில் தேங்கும், சாயங்காலம் பாதம் வீங்கும். நாளெல்லாம் நின்றவருக்கு, குதிகாலிலிருந்து விரல் பக்கம் ஓடும் உள்ளங்கால் நார்ப்பட்டை இரவெல்லாம் இறுகி, காலையில் முதல் அடி வைத்ததும் சுரீர் என்னும். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று அந்தக் குதிகாலிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

கேரளத்தில் கடைப் பெண்கள் போராடி 2018-ல் உட்காரும் உரிமை வாங்கினார்கள். நம் சட்டமன்றமும் 2021-ல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்றது. உடம்பிலேயே நீளமான தசை இடுப்பிலிருந்து முழங்காலுக்கு உட்புறம் இறங்குகிறது; அதற்கு லத்தீனில் தையற்காரர் பெயர். கால் மடக்கி உட்கார்ந்து தைப்பவருக்கு ஒரு தசையே இருக்கிறது. அந்தத் துணியை நின்று விற்கிற பெண்ணுக்கு ஒரு முக்காலி இல்லை.

குருத்தெலும்பு பாக்கி இருக்கிறது, ஆனால் நேரம் முடிந்தது என்று சீட்டு வந்துவிட்டது. அண்ணாச்சி, பொன்னாடைக்கு நன்றி. நம் கடைத்தெருவில் எத்தனை முக்காலியில் ஆள் உட்கார்ந்திருக்கிறது, எத்தனையில் பெட்டி உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணி அடுத்த மாதக் கூட்டத்தில் சொல்லுங்கள். உங்களோடு எண்ண நானும் வருகிறேன்.