கிண்டிக் காட்டில் மரம் நட வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம். கூட்டம் தொடங்கும் முன் ஓர் அன்பர் கேட்டார்: "சென்னை கிண்டி தேசியப் பூங்காவுக்குள் வெறும் முள்ளும் புதருமாகக் கிடக்கிறதே, நல்ல மரங்களாக நட்டால் என்ன?" நல்ல மனதோடு கேட்ட கேள்விதான். ஆனால் அந்தப் புதர்தான் காடு என்பதைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

நம் கடற்கரைப் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மற்ற மாதங்களில் நிலம் காய்ந்து கிடக்கும். அந்த வறட்சியிலும் இலையை உதிர்க்காமல் நிற்கப் பழகிய காடு இது. வீரை, உலக்கைப் பாலை, காட்டு எலுமிச்சை, களா, காரை, சூரை எல்லாம் குட்டையாக, நெருக்கமாக, சிறிய தடித்த இலைகளோடு வளரும். நிழற்சாலை போல இருக்காது. ஆனால் எலுமிச்சை அழகி என்கிற வண்ணத்துப்பூச்சி காட்டு எலுமிச்சை இலையில் முட்டையிடும். களாப்பழத்தைச் சின்னான் குருவி தின்று விதையைப் பரப்பும். இரவில் மரநாய் அதே வேலையைச் செய்யும். இந்த வகைக் காடு இன்று பெரும்பாலும் கோயில்காடுகளில்தான் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. மாநகரின் நடுவே சுமார் 270 ஹெக்டேர் இருப்பது நம் பாக்கியம்.

அப்புறம், இந்தப் பூங்காவில் வாழும் வெளிமான் (பிளாக்பக்). புள்ளிமான் புதருக்குள்ளும் சமாளித்துக்கொள்ளும். வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். தூரத்திலேயே ஆபத்தைக் கண்டு ஓடித் தப்பும் விலங்கு அது. கிடா தன் இடத்தைக் காத்து நின்று பெண் மான்களுக்குத் தன்னைக் காட்டுவதும் வெட்டவெளியில்தான். புல்வெளியில் நாம் நடும் ஒவ்வொரு மரமும் அதன் வீட்டைச் சுருக்குகிறது. இதே கெடுதலைச் சீமைக்கருவேலம் நாம் நடாமலேயே செய்கிறது. அதன் காய் இனிப்பு. மான் தின்னும், சாணத்தோடு விதை விழும், முளைக்கும். அதனால் ஒரு தடவை பிடுங்கினால் போதாது. ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும். கிண்டிக்குச் செய்யவேண்டிய தொண்டு நடுவதல்ல, களைவது. அலுப்பான வேலை, படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்காது. ஆனாலும் அதுதான் தேவை.

இன்னொன்று, பூங்காவை ஒட்டிய சாலைகளில் பாலித்தீன் பையைச் சாப்பாட்டோடு வீசாதீர்கள். உப்பும் ருசியும் ஒட்டிய பையை மான் அப்படியே விழுங்கிவிடும். வயிற்றில் அடைத்துக்கொண்டு செத்துப்போகும். மிச்சச் சோற்றைக் கொட்டினால் தெருநாய் கூடும், நாய் மானைத் துரத்தும்.

சரி, மரம் நடும் ஆசையை என்ன செய்வது? உங்கள் தெருவில் நடுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது குல்மோகரும் தூங்குமூஞ்சியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தோமே. அந்த இடங்களில் வீரை வைக்கலாம், வேம்பு வைக்கலாம். சுற்றுச்சுவர் ஓரம் களா வைத்தால் வேலியும் ஆச்சு, ஊறுகாய்க்குக் காயும் ஆச்சு. விதைக்காகப் பூங்காவுக்குள் கை வைக்காதீர்கள், அது சட்டப்படி குற்றம். நாற்றுப் பண்ணையில் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் அவர்களும் வளர்ப்பார்கள்.