தெங்கெக் பூரோங்கும் எலியின் மூச்சும்

சுங்கை சிப்புட் வட்டார நேயர்களுக்கு வணக்கம்.

மலாய்க்காரர்கள் உலாமாக, அதாவது சோற்றோடு பச்சை இலையாக, சாப்பிடும் தெங்கெக் பூரோங் இலை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தச் செடியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சேர்மம் சுண்டெலிகளின் ஆஸ்துமா அழற்சியைத் தடுத்ததாக, செர்டாங் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் எழுதினார்கள். "அப்படியென்றால் இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?" என்ற கேள்வி உடனே வரும். இத்தகைய சோதனை எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

எலிக்கு ஆஸ்துமா தானாக வராது, வரவழைக்க வேண்டும். வழக்கமான முறையில், முட்டை வெள்ளைக்கருப் புரதம் 20 மைக்ரோகிராமை ஒவ்வாமையைத் தூண்டிவிட உதவும் அலுமினியம் ஹைட்ராக்சைடு 2 மில்லிகிராமோடு கலந்து முதல் நாளும் 14-ஆம் நாளும் வயிற்றுக்குள் ஊசி போடுவார்கள். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு, அதே புரதத்தின் 1 விழுக்காட்டுக் கரைசலைப் பனிபோலத் தெளித்து, தினம் அரைமணி நேரம் சுவாசிக்க விடுவார்கள். புரதத்தில் பாக்டீரியா நச்சு கலந்திருந்தால் ஒவ்வாமை ஆஸ்துமாவில் நுரையீரலில் திரளும் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களுக்குப் பதில், நியூட்ரோஃபில் என்ற வேறு வகை வெள்ளை அணுக்கள் திரளும். அது வேறு நோய். அங்கேயே சோதனை கெட்டுவிடும்.

மருந்தைத் தெளிப்புக்கு ஒரு மணி நேரம் முன்பு வாய்வழி கொடுப்பார்கள். தாவரச் சேர்மங்கள் பல தண்ணீரில் கரையாமல் குழாயின் அடியில் படியும். ஒவ்வொரு தடவையும் குலுக்காவிட்டால் முதல் எலிக்கு வெறும் நீர், கடைசி எலிக்கு முழு மருந்து! மருந்தில்லாத கரைப்பானை மட்டும் குடிக்கும் குழு ஒன்றும், அழற்சியைத் தணிக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைப் பெறும் குழு ஒன்றும் கட்டாயம் வேண்டும். இந்த டெக்சாமெத்தசோன், ஆஸ்துமாவுக்குக் கிளினிக்கில் தரும், உறிஞ்சும் தடுப்பு பம்ப்பில் உள்ள ஸ்டீராய்டுக்குச் சொந்தம். இலையை நம்பி அந்த பம்ப்பை நிறுத்திவிடாதீர்கள்.

முடிவைத் தீர்மானிப்பது நுரையீரலைக் கழுவும் கட்டம். மூச்சுக்குழாயில் மெல்லிய குழாய் செருகிக் கட்டி, 1 மில்லிலிட்டருக்கும் குறைவான உப்புநீரை உள்ளே விட்டு மெதுவாக உறிஞ்சி, அதில் வரும் அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் வைத்து எண்ண வேண்டும். கட்டு தளர்ந்து நீர் கசிந்தால் மொத்த அணுக்கள் குறைவாகத் தெரியும், மருந்து வேலை செய்ததுபோல் ஏமாற்றும். அதனால் திரும்பிய நீரின் அளவை ஒவ்வொரு எலிக்கும் குறித்துவைக்காத ஆய்வை நான் நம்பமாட்டேன். எந்தக் கண்ணாடித் தகடு எந்தக் குழுவுடையது என்று எண்ணுபவருக்குத் தெரியவே கூடாது.

இன்னொன்று: தெளிப்புக்கு முன்பு கொடுத்த மருந்து தடுத்தது என்பது ஒன்று, மூச்சுத்திணறல் வந்த பின் கொடுத்துத் தணித்தது என்பது வேறு. கிளினிக்குக்கு வருபவருக்கு நோய் ஏற்கெனவே இருக்கிறது.

இப்போது இலைக்கு வருவோம். ஒரு சுண்டெலிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் கொடுத்ததாக வைத்துக்கொண்டால், மனிதருக்கான அளவைக் கணக்கிட அதைச் சுமார் 12.3-ஆல் வகுக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 490 மில்லிகிராம் வரும். அது தூய்மைப்படுத்திய சேர்மத்தின் கணக்கு. ஒரு பிடி இலையில் அது எவ்வளவு இருக்கும் என்பது செடிக்குச் செடி மாறும். தண்ணீரில் கரையாத பங்கோ, வடிகட்டிய சக்கையோடு குப்பைக்குப் போய்விடும்.