ஒரு பித்தளை பாபினும் ஓடிப்போன லேஸும்

வணக்கம் மக்களே, பின்னால் டிராம் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில், லேஸ் மார்க்கெட் என்ற பகுதியில் நிற்கிறேன். பெயரைப் பார்த்து சந்தை என்று நினைத்து வந்தவன் நான். சுற்றி உயரமான செங்கல் கிடங்குகள்தான். நெய்து வந்த லேஸை இங்கே சரிபார்த்து, அறுந்த இடத்தைத் தைத்து, விற்றார்கள். அதற்கு வெளிச்சம் வேண்டாமா, அதனால்தான் இவ்வளவு பெரிய ஜன்னல்கள்.

சரி, இதைப் பாருங்கள், லேஸ் மெஷினின் பாபின், அதாவது நூல் சுற்றும் சக்கரம், பழைய சாமான் கடையில் கிடைத்தது. நம்ம தையல் மெஷின் பாபின் குண்டாக இருக்கும், இது அப்பளம் மாதிரி இருக்கிறது. இரண்டு பித்தளைத் தகடு, நடுவில் நூல், அவ்வளவுதான். மெஷினில் நெருக்கமாக நிற்கும் பாவு நூல்களுக்கு (நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல்கள்) இடையே இது முன்னும் பின்னும் ஊஞ்சலாடும். ஆடி முடிப்பதற்குள் பாவு நூல் கொஞ்சம் நகர்ந்துவிடும், திரும்பி வரும்போது முறுக்கு விழும், அதுதான் நெட் துணி. தலையணையில் ஊசி குத்திப் பெண்கள் கையால் பின்னிய வேலையை மெஷினுக்குக் கொண்டுவந்தவர் ஜான் ஹீத்கோட், காப்புரிமை 1809-இல்.

அப்புறம்தான் கதையே. 1816 ஜூன் 28 இரவு, லஃப்பரோவில் இருந்த அவருடைய ஆலைக்குள் லுட்டைட்டுகள், அதாவது மெஷின்களை எதிர்த்து உடைத்த தொழிலாளர்கள், புகுந்து 55 மெஷின்களை நொறுக்கினார்கள். கூலி குறைகிற கோபம். அதை வெறும் முரட்டுத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். மனிதர் இந்த ஊரே வேண்டாம் என்று தெற்கே டெவனில் உள்ள டிவர்ட்டனுக்குப் போய்விட்டார். அது கம்பளித் தொழில் நொடித்துப்போன ஊர். தொழிலாளர்கள் பலர் குடும்பத்தோடு அவர் பின்னாலேயே ஏறக்குறைய 200 மைல் நடந்து போனார்களாம்.

அதே 1816-இல் இன்னொரு கூத்து. மெஷினை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இருந்தும், நாட்டிங்ஹாம்காரர்கள் சிலர் அதைப் பிரித்து, துண்டு துண்டாகப் பிரான்சின் கலேக்குக் கடத்திவிட்டார்கள். கலே லேஸ் ஊரானது அப்படித்தான். 1848 புரட்சியில் அங்கே வேலை போனதும், அந்த ஆங்கிலேயர்களில் பல குடும்பங்கள் கப்பலேறி ஆஸ்திரேலியா போயின.

பூ வேலைப்பாடு போடும் பெரிய மெஷினுக்கு லீவர்ஸ் என்று பெயர், அதில் இந்த மாதிரி பாபின் ஆயிரக்கணக்கில் ஓடும். எண்ணெய் விட்டால் நூலில் கறை ஏறுமே, அதனால் கிராஃபைட் தூள் போடுவார்கள், பென்சிலுக்குள் இருக்கிறதே அதுதான். கல்யாணப் பெண் போடுகிற வெள்ளை லேஸ் மெஷினை விட்டு வரும்போது சாம்பல் நிறத்தில்தான் வரும், வெளுத்த பிறகுதான் வெள்ளை. என் கட்டைவிரலைப் பாருங்கள், இந்த பாபினைத் தொட்டதற்கே கறுப்பு.

டிவர்ட்டன் ஆலை இன்னும் ஓடுகிறது. 2021-இல் செவ்வாய்க் கிரகத்தில் நாசாவின் பெர்செவரன்ஸ் ஊர்தி இறங்கியதே, அந்தப் பாராசூட்டின் துணி அங்கே நெய்ததுதான். அடுத்த வீடியோ அங்கிருந்து எடுக்கலாம் என்று ரயில் டிக்கெட் பார்த்தேன். விலையைப் பார்த்தால் நடந்தே போயிருக்கலாம் போலிருக்கிறது.