இரண்டு டம்ளர் தண்ணீர்

எல்லோருக்கும் வணக்கம். வியாசர்பாடி, கொடுங்கையூர், எம்.கே.பி. நகர், புளியந்தோப்பு என்று நாலா பக்கத்திலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியவர்களே, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே! விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் சமையல்கட்டுச் சுவரில் தொங்குகிற ஒரு பெட்டியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஆர்.ஓ. மெஷின். தண்ணீரை அழுத்தி, மெம்பிரேன் என்கிற மெல்லிய சவ்வு வழியாக விட்டு உப்பைப் பிரிக்கிற மெஷின். தவணையில் வாங்கி, வருஷா வருஷம் ஃபில்டருக்கும் மெம்பிரேனுக்கும் பணம் கட்டி, நம் பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் வைத்திருக்கிற பெட்டி.

மேஜை மேல் இரண்டு கண்ணாடி டம்ளர் இருக்கிறது, பாருங்கள். ஒன்றில் இந்தக் கூடத்துக் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் இரண்டிரண்டு இரும்பு ஆணி போட்டு, 9 வோல்ட் பேட்டரியோடு ஒயர் கொடுத்திருக்கிறேன். மேடை ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிட்டேன். இப்போது குழாய்த் தண்ணீரைப் பாருங்கள். ஆணியைச் சுற்றி மஞ்சளாக, பச்சையாக ஏதோ இறங்குகிறது. ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது.

வீட்டுக்கு விற்க வருகிற பையன் காட்டுவது இதைத்தான். அவன் கருவியில் இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும் இருக்கும். நேராக வீட்டு கரண்டில் சொருகுவான். இரண்டே நிமிஷத்தில் குழாய்த் தண்ணீர் சேறாகிவிடும். "அக்கா, இதத்தான் இத்தினி நாளா கொழந்தைக்குக் குடுத்துக்கினு இருந்தீங்களா?" என்பான். எந்தத் தாய்க்கு அதற்கு மேல் மனசு தாங்கும்? பிள்ளைகளே, அந்தக் கருவியை நீங்கள் தொடவே கூடாது. தண்ணீரில் 230 வோல்ட் இறங்கினால் உயிர் போய்விடும்.

அந்தச் சேறு எங்கிருந்து வந்தது? தண்ணீரிலிருந்து வரவில்லை. கம்பியிலிருந்து வந்தது. தண்ணீரில் கொஞ்சம் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரையும். கரைந்த இரும்பு தண்ணீரிலேயே துருவாகப் படியும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, ஆணியும் கரையாது. அவ்வளவுதான். இதோ, அந்தத் தெளிந்த ஆர்.ஓ. தண்ணீரில் இரண்டு சிட்டிகை சமையல் உப்புப் போட்டுக் கலக்குகிறேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இதுதான் மற்றதைவிட மோசமாகக் கலங்கும். உப்புப் போட்டதால் ஆர்.ஓ. தண்ணீர் அழுக்காகிவிட்டதா? நாம் தினமும் சோற்றில் போடுகிற உப்புதானே!

அந்தப் பையனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்குகிறவன் நம் தெருப் பிள்ளைதான். அவனுக்குக் கம்பியைக் கொடுத்தவர்கள் காரணத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை. தாயின் பயத்தைக் காசாக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

அடுத்தது டிடிஎஸ் மீட்டர். பேனா மாதிரி இருக்குமே, அது. இதையும் கொண்டுவந்திருக்கிறேன். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் உப்பு என்று கணக்குப் போட்டுக் காட்டும் கருவி. ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் சர்க்கரை கரைத்துவிட்டு மீட்டரை விட்டால், எண் ஏறவே ஏறாது. கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் வந்து செய்து பார்க்கலாம். ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் எண் எகிறும். உப்பு ஒன்று மட்டுமே தெரிந்த நாக்கு மாதிரி அது. இளநீரில் விட்டால் ஆயிரக்கணக்கில் காட்டும். அதற்காக நோயாளிக்கு இளநீர் கொடுக்காமல் இருக்கிறோமா?

இந்திய தர நிர்ணய அமைப்பு குடிநீருக்கு வைத்திருக்கிற அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. ஆகவே 400 என்று காட்டுகிற தண்ணீரைப் பார்த்து யாராவது "விஷம்" என்றால் நம்பாதீர்கள்.

இனிமேல் சொல்லப் போவதுதான் நம் பகுதிக்கு முக்கியம். நமக்கு உண்மையான ஆபத்து எது? காலையில் அடி பம்பில் முதல் இரண்டு குடம் கறுப்பாக வருகிறதே, நாற்றம் அடிக்கிறதே, அது. பழைய குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிற தெருக்கள் நம்முடையவை. சப்ளை நின்றதும் குடிநீர்க் குழாயில் அழுத்தம் போய்விடும். எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே வெளியில் நிற்கிற கழிவுநீர் உள்ளே இறங்கும். காலராவும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் வருகிற வழி இதுதான். இப்படி ஒரு குடத்தில் ஒரு கரண்டி சாக்கடை கலந்திருந்தாலும் டிடிஎஸ் மீட்டரில் எண் மாறாது. நம் பிள்ளையைப் படுக்கையில் போடுகிற கிருமி அந்தக் கருவியின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதை நம்பித்தான் பதினைந்தாயிரம் ரூபாய்க்குப் பெட்டி வாங்குகிறோம்.

கிருமியை ஒழிக்க அடுப்பு போதும். தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிஷம் ஆகட்டும். அப்படியே மூடி வைத்து ஆறவிடுங்கள். கையை விட்டு மொள்ளாதீர்கள், குழாய் வைத்த பாத்திரத்தில் பிடித்துக் குடியுங்கள். குழாய்த் தண்ணீரில் லேசாக வரும் குளோரின் வாடையும் நமக்குக் காவல்தான். குடத்தில் ஊற்றி வைத்த பிறகும் கிருமி வளராமல் பார்த்துக்கொள்வது அதுதான். ஆர்.ஓ. மெஷினில் மெம்பிரேன் குளோரின் பட்டால் கெட்டுவிடும் என்பதால், அதற்கு முன்னாலேயே கார்பன் ஃபில்டர் அந்தக் குளோரினை எடுத்துவிடுகிறது. அப்புறம் மெஷினுக்குள் இருக்கிற டேங்கில் தண்ணீர் காவலில்லாமல் நிற்கிறது. ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து வந்தால் அந்தத் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள்.

அப்படியென்றால் ஆர்.ஓ. வேண்டவே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். அது மகத்தான கண்டுபிடிப்பு. இந்தியாவில் பிறந்த சௌரிராஜனும் சிட்னி லோப் என்பவரும் 1950களின் கடைசியில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அந்த மெம்பிரேனைச் செய்தார்கள். கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்கவேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். கடலில் லிட்டருக்கு ஏறக்குறைய 35,000 மில்லிகிராம் உப்பு. அதைப் பிரிக்க அப்படியொரு மெம்பிரேனும் பெரிய அழுத்தமும் வேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை வருஷக்கணக்கில் உறிஞ்சி உறிஞ்சிக் கடல் உள்ளே வந்துவிட்டது. அங்கே போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியாத வீட்டுக்கு ஆர்.ஓ. ஒரு வரம். அந்த வீட்டில் அது கட்டாயம் இருக்கவேண்டும்.

ஆனால் நம் நிலைமை என்ன? மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். வடசென்னைக் குழாய்களுக்கும் தண்ணீர் கொடுக்கத்தான் அதைக் கட்டினார்கள். கடற்கரையில் ஒரு முறை மெம்பிரேனில் உப்பு நீக்கிய தண்ணீரை, கரண்ட் செலவு பண்ணி, வீட்டுக்குக் கொண்டுவந்து இன்னொரு முறை மெம்பிரேனில் விடுகிறோம். வீட்டு மெஷின் ஒரு லிட்டர் கொடுக்க மூன்று லிட்டரைச் சின்ன ட்யூப் வழியாக வெளியே தள்ளுகிறது. குடிக்க, சமைக்க இருபது லிட்டர் எடுக்கிற வீட்டில் அறுபது லிட்டர், நாலு குடம், சிங்க்கில் போய்விடும்.

2019ஐ மறந்திருக்க மாட்டீர்கள். புழல் ஏரி வறண்டது. ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. டோக்கன் வைத்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு லாரிக்கு நின்ற அம்மாக்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். உங்களுக்கு நாலு குடம் என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. அதே வருஷம், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 500க்குக் குறைவாக உப்பு இருக்கிற இடத்தில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது.

மெஷின் ஏற்கெனவே இருக்கிறதா? அந்த ட்யூபை ஒரு பக்கெட்டில் விடுங்கள். தரை துடைக்க, கக்கூஸுக்கு ஊற்ற ஆகும். போர்வெல் தண்ணீர் வீடாக இருந்தால் செடிக்கு மட்டும் ஊற்றாதீர்கள், உப்பில் வேர் கருகும். இனிமேல்தான் வாங்கப் போகிறீர்களா? முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் பார்க்கிறார்கள். கிருமி பார்க்க வேண்டுமென்றால் எந்தப் பாட்டிலில் எப்படிப் பிடிப்பது என்று அங்கேயே கேட்டுக்கொண்டு பிடியுங்கள். கையில் ரிப்போர்ட் வந்த பிறகு கடைக்குப் போங்கள். உப்பு குறைவு, கிருமிதான் பயம் என்றால், புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லுகிற யு.வி. மெஷின் போதும். அது தண்ணீரை வீணாக்காது. தண்ணீர் கலங்கலாக இருந்தால் மட்டும் அதற்கு முன்னால் வடிகட்ட வேண்டும்.

ஆனால் ஐந்து வீடு ஐந்து மெஷின் வாங்கினாலும் தெருக் குழாயின் விரிசல் மூடாது. மெஷின் வாங்க முடியாத ஆறாவது வீட்டுக் குழந்தைதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். மெட்ரோ வாட்டர் புகார் எண் 1916. தனியாகக் கூப்பிட்டால் ஒரு வீட்டுப் பிரச்சினை என்று போய்விடும். தெருவே சேர்ந்து கூப்பிடுங்கள். பேசியதும் புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, எத்தனை குடம் வரைக்கும் தண்ணீர் நாறுகிறது என்று எழுதிவிட்டுப் போங்கள். மனுவை இன்றைக்கு ராத்திரியே எழுதிவிடுகிறேன். நாளைக் காலையில் நாலு பேராகப் போய்க் கொடுத்துவிட்டு வரலாம்.